புளிய நிழலில் ஒரு பழைய எஞ்சின்

திண்டிவனம் என்னும் பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் கூறுவர். 'திந்திரிணி' என்பது புளியைக் குறிக்கும் வடசொல். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் புளிய மரங்கள் பந்தலிட்டாற்போல் நின்ற காலத்தைக் கண்டவர்கள் இப்பெயர்க் காரணத்தை ஐயுறமாட்டார்கள். நான்கு வழிச் சாலை அமைந்தபோது அம்மரங்களில் பெரும்பாலானவை வெட்டுண்டன. ஊருக்குள் நுழையும் பழைய சாலைகளில் மட்டும் ஆங்காங்கே சில எஞ்சி நிற்கின்றன.

இவ்வூருக்கு எண்ணெயோடும் தொடர்புண்டு. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை, எள் இரகங்கள் 'டி.எம்.வி.' என்னும் எழுத்துகளைப் பெயரில் தாங்கி நாடெங்கும் சென்றன. அவ்வெழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தையே. நிலக்கடலையை 'மல்லாட்டை' என்று வழங்கும் இவ்வட்டாரத்தில் ஒரு துளி எண்ணெயின் அருமை எல்லோருக்கும் தெரியும். நாம் இங்குச் சொல்லப் போவதும் துளி எண்ணெயின் கதைதான். ஆனால், இது சமையலறை எண்ணெயன்று. பழைய கார் ஒன்றின் வயிற்றிலிருந்து சொட்டிய எண்ணெய்.

வழி காட்டும் ஊர்

இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கல், சங்க காலத்தில் 'கிடங்கில்' என்று பெயர் பெற்றிருந்த ஊர். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர்களில் ஒன்று. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, வறுமையுற்ற பாணன் ஒருவனுக்கு, "இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னாரைக் காண்" என்று வழிகாட்டும் அமைப்புடையது. பரிசில் பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துவது அக்காலத்து மரபு.

அம்மரபு இவ்வூரில் வேறு வடிவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை, திருச்சிராப்பள்ளி ஆகிய திசைகளின் சாலைகள் கூடுமிடம் திண்டிவனம். வண்டி நின்றுபோனால் அடுத்த தேநீர்க் கடையில் விசாரித்தால் போதும். "டைனமோவா? அந்தச் சந்து. ரேடியேட்டரா? பள்ளிவாசல் பக்கம். எஞ்சின் வேலையா? விழுப்புரம் போயிடுங்க" என்று கைகாட்டிவிடுவார்கள். புறவழிச் சாலையும் மேம்பாலமும் வந்தபின் தொலைதூர வண்டிகள் ஊரைத் தொடாமலே பறந்துவிடுகின்றன. ஆயினும் கேட்பவருக்கு வழி சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

சாச்சாவின் கார்

திண்டிவனத்தில் வாழும் என் சாச்சி வீட்டில் ஓர் அம்பாசிடர் கார் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு பதிவான மார்க் 2. சாச்சா அதனை 1981இல் பழைய வண்டியாக வாங்கினார். மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இரண்டு பெண்களின் நிக்காஹ், கடைசியில் சாச்சாவே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்று வந்த பயணங்கள் அனைத்தும் அந்த வண்டியில்தான். சாச்சா மறைந்தபின் சில மாதங்கள் அது கொட்டகையில் அசையாமல் நின்றது. பிறகு மகன் அதனை எடுத்து ஓட்டியபோது, நிறுத்துமிடமெல்லாம் கறுப்பு வட்டம் விழத் தொடங்கியது. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையிலுள்ள துளையிலிருந்து எண்ணெய் சொட்டியது.

முதலில் பார்த்த பட்டறையில், "கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. எஞ்சினை இறக்கி, கிராங்க்கைக் கடைந்து, முழு வேலையும் செய்தாக வேண்டும்" என்றார்களாம். அவர்கள் சொன்ன தொகை வண்டியின் விலையையே மீறியது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்பது மருமக்களின் யோசனை. சாச்சி ஒன்றும் பேசவில்லை. இத்தாக் காலம் முடிந்து முதன்முதலாக வெளியே வந்தபோதும் அந்த வண்டியின் பின் இருக்கையில்தான் அவர் அமர்ந்து சென்றார். ஆகவே இரும்புக் கடையின் பேச்சை எடுத்தவர்களும் அதை மேலே தொடரவில்லை. அந்நிலையில்தான் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் விழுப்புரத்துக்கு வழிகாட்டினார். தம்பியுடன் நானும் புறப்பட்டேன்.

நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான வழி

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். இடப்புறம் மயிலம் குன்று தெரிகிறது. அடுத்து விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடி, வராக நதி, முண்டியம்பாக்கத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. கரும்பும் நெல்லும் சவுக்கும் மாறிமாறி வருகின்ற சமவெளி.

2024 டிசம்பர் முதல் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் இம்மயிலத்தில் பெய்த மழை 51 சென்டிமீட்டர். ஃபெஞ்சல் புயலின் அந்த வெள்ளத்தில் இச்சமவெளியே ஏரியாயிற்று. நனைந்து கிடந்த வண்டிகளை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் கேடு பெரிதாகும். பழைய எஞ்சின்களில் எண்ணெய் வெளியேறக்கூடிய இடைவெளி வழியாகவே வெள்ளநீர் உள்ளேயும் புகும். முதலில் எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். அது பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் நீர் சேர்ந்துவிட்டது என்று அறியலாம். வெள்ளம் வரும் ஊர்களில் வாழ்வோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

விழுப்புரம் எப்போதும் சக்கரங்களின் ஊர். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளின் இருப்புப் பாதைகள் இங்குக் கூடுகின்றன. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடமாக இருந்ததும் இவ்வூரே. 1997 முதல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமாக விளங்குகிறது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகருமாயிற்று. பேருந்தும் இரயிலும் கூடுமிடத்தில் லேத்துப் பட்டறைகளும் உதிரிப்பாகக் கடைகளும் பெருகுவது இயல்பன்றோ!

சீல் இல்லாத இடத்தில் எந்தச் சீல் போயிற்று?

நாங்கள் தேடிச் சென்ற பட்டறை பழைய சாலையோரம் ஒரு புளிய மரத்தடியில் இருந்தது. தாழ்ந்த பருங்கிளை ஒன்றில் செயின் பிளாக் தொங்கியது. எத்தனையோ எஞ்சின்களைத் தூக்கி இறக்கியதில் கிளையின் பட்டை தேய்ந்து மழமழவென்றிருந்தது. பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். ஊரார் எல்லோருக்கும் அவர் 'பாய்'. ஸலாம் சொல்லி அமர்ந்ததும் தம்பி விவரத்தைக் கூறினான்.

"கிராங்க் சீல் போச்சுன்னு சொல்றாங்க பாய்."

பெரியவர் சிரித்தார். "இந்த எஞ்சினுக்குப் பின்னாடி சீலே கிடையாது தம்பி. இல்லாத சீல் எப்படிப் போகும்?"

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார். கல்கத்தாவுக்கருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை அதனை உற்பத்தி செய்தது. பல்லாண்டுகள் அதில் பொருத்தப்பட்டிருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. பின்கோடியில், பிளைவீலுக்கு முன்னால், இக்காலக் கார்களில் இருப்பதுபோல் ரப்பர் உதடுள்ள ஆயில் சீல் அதில் இல்லை. மாறாக, ஷாஃப்ட்டின் மீதே திருகாணிபோல ஒரு மரை வெட்டப்பட்டிருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது அம்மரை, வெளியேற முயலும் எண்ணெயைத் திருகித் திருகி உள்ளேயே தள்ளிவிடுகிறது. அதற்கு முன்னுள்ள விளிம்பு ஒன்று எண்ணெயை வீசியெறிந்து கீழ்த்தொட்டிக்கு அனுப்புகிறது. மரைக்கும் அதைச் சூழ்ந்த துளைக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். இரண்டும் தொடுவதில்லையாதலால் தேய்மானமும் இல்லை.

அறிவான ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சினின் உள்ளறையில் காற்றழுத்தம் சேரக் கூடாது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். நம் மெக்கானிக்குகள் இதனைப் 'பேக் கம்ப்ரஷன்' என்பர். அவ்வாயு வெளியேறுவதற்கென்று பிரீதர் குழாய் வைத்திருக்கிறார்கள். அக்குழாய் அடைபட்டால் வாயு வேறு வழி தேடும். மயிரிழை இடைவெளி வழியே எண்ணெயையும் உந்திக்கொண்டு வெளிவரும். அப்போது எஞ்சினை இறக்கிக் கிராங்க்கைக் கடைந்தாலும் ஒழுகல் நிற்காது.

பவுடர் காட்டிய பாதை

பெரியவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் எஞ்சினின் அடிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைக்கச் செய்தார். காய்ந்ததும் சிறுவர்களுக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவினார். எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தார். கையைத் தள்ளுமளவுக்கு மூச்சு வந்தது. கால் மணி நேரம் கழித்து எஞ்சினை நிறுத்திவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்தார்.

வெண்பவுடரின் மீது எண்ணெயின் பாதை கோடு கோடாகத் தெரிந்தது. ஒன்று முன்புறம், கிராங்க் புல்லிக்குப் பின்னாலுள்ள டைமிங் கவரிலிருந்து வந்தது. மற்றொன்று எஞ்சினின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்திருக்கும் பின் டேப்பெட் மூடியிலிருந்து இறங்கி, பிளாக்கின் ஓரமாகவே ஓடி, பின்தகட்டைச் சேர்ந்து அதே துளையருகே சொட்டியது. பார்ப்பவர் எவரும் கிராங்க்கின் பின்புறமே ஒழுகுகிறது என்றுதான் எண்ணுவர். சொட்டுமிடம் வேறு, ஊற்று வேறு என்பதை அந்தக் கால் மணி நேரம் காட்டிவிட்டது.

அடுத்து முன் டேப்பெட் மூடியிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாயைக் கழற்றினார். கம்பியை விட்டுக் குடைந்தபோது காய்ந்த களிமண் உருண்டைகளாக உதிர்ந்தது. குளவிக் கூடு! வண்டி கொட்டகையில் நின்ற மாதங்களில் குளவி ஒன்று அக்குழாயைத் தன் வீடாக்கிக் கொண்டிருந்தது. முழு எஞ்சின் வேலை என்று மதிப்பிடப்பட்ட நோயின் வேர் ஒரு பிடி மண்!

குழாயைக் கழுவிப் பொருத்தி எஞ்சினை ஓட்டியதும் மூடியின் வழியே வந்த மூச்சு பெரிதும் தணிந்துவிட்டது. பிஸ்டன் வளையங்கள் நலமாகவே உள்ளன என்பதற்கு அதுவே சான்று.

முன்புறச் சீல் மாற்றிய முறை

டைமிங் கவரில் உள்ளது உண்மையான ஆயில் சீல். பழைய கவர்களில் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் வளையம் இருக்கும். பின்னர் வந்தவற்றில் ரப்பர் உதடு. ரப்பர் வெப்பத்தில் நாளடைவில் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். இதை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

ரேடியேட்டரை எடுத்தார்கள். பேன் பெல்ட்டைக் கழற்றி, ஹேண்டில் மாட்டிச் சுழற்றும் பெரிய நட்டின் பூட்டுத் தகட்டை நிமிர்த்தி, நட்டை விடுவித்தார்கள். புல்லி வெளிவந்ததும் பெரியவர் அதன் கழுத்தில் விரல் நகத்தை ஓட்டினார். நகம் ஒரு பள்ளத்தில் இடறியது. பல ஆண்டுகளாகச் சீல் உராய்ந்த இடம் அது. அப்பள்ளத்தின் மீது புதுச் சீல் போட்டால் சில மாதங்களில் மீண்டும் ஒழுகும். எதிர்ச்சாரி லேத்துக்காரரை அழைத்து, "அண்ணே, கழுத்தைக் கடைஞ்சு ஒரு ஸ்லீவ் ஏத்தணும். சீல் உட்காருற இடம் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார். "லுஹர் முடிச்சு வாங்க பாய், ரெடியா இருக்கும்" என்று பதில் வந்தது. அவ்வாறே இருந்தது.

டைமிங் கவருக்குப் பின்னாலுள்ள எண்ணெய் வீசும் தகட்டை எடுத்தபோதே எந்தப் பக்கம் முன்நோக்கியிருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக் கொண்டார்கள். திருப்பிப் போட்டால் சீலின் பாடு திண்டாட்டம். புதுச் சீலை மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கி, உதட்டில் சிறிது எண்ணெய் தடவினார்கள். எல்லாவற்றினும் முக்கியமானது இதன்பின் வந்தது. கவரின் திருகுகளை உடனே இறுக்கவில்லை. தளர்வாக வைத்துப் புல்லியை உள்ளே செலுத்தி, கவர் தானாக நடுமையத்தில் அமர்ந்தபிறகே ஒவ்வொன்றாக இறுக்கினார்கள். மையம் சற்று விலகினாலும் சீலின் ஒரு பக்கம் நெருங்கித் தேயும். மறுபக்கம் வாய் திறக்கும்.

டேப்பெட் மூடிகளுக்குப் புதுக் கார்க் பேக்கிங் போட்டார்கள். ஒவ்வொரு மூடியையும் நடுவே ஒரேயொரு போல்ட்தான் பிடிக்கிறது. ஒழுகக் கூடாது என்று அதனை மிகையாக இறுக்கினால் தகடு வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்க ஒழுகும். பயிலும் பையனின் கையைப் பிடித்து, "போதும், இதுக்கு மேல வேணாம்" என்று அளவைக் கையாலேயே உணர்த்தினார் பெரியவர்.

எப்போது எஞ்சினை இறக்க வேண்டும்?

எல்லா வண்டிக்கும் இவ்வளவு எளிதாக முடியாது. மெயின் பேரிங்குகள் தேய்ந்திருந்தால் கிராங்க் ஷாஃப்ட் தன் மையத்திலிருந்து தாழும். மயிரிழை இடைவெளி ஒருபுறம் பெருகும். எண்ணெய் அழுத்தம் குறைவதும், எஞ்சினின் அடியில் கனமான தட்டொலி கேட்பதும் அதன் அறிகுறிகள். அப்போது இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் படிந்து, ஏற்றத்தில் எஞ்சின் சீறியும் வண்டி நகராமல் வழுக்கினாலும் கிளட்ச்சைத் திறந்தே ஆக வேண்டும். அவ்வாறு திறக்கையில் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதலாகாது. பழைய கிளட்ச் பிளேட்டுகளிலும் கயிற்றுச் சீல்களிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

துளையில் தொங்கும் சிறிய காட்டர் பின்னையும் பெரியவர் காட்டினார். வண்டியின் அதிர்வில் அது ஆடி ஆடித் துளையை அடைபடாமல் காக்கிறது. அதனைப் பிடுங்கிவிட்டுத் துளையை அடைத்து, "ஒழுகல் நின்றுவிட்டது" என்று அனுப்புவோரும் உண்டாம். அடைத்த எண்ணெய் முழுவதும் கிளட்ச்சுக்குத்தான் போய்ச்சேரும்.

வடித்த பழைய எண்ணெயை அவர் டின்னில் சேர்த்து மூடி வைக்கிறார். மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர் வந்து வாங்கிச் செல்கிறார். ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் ஊரில் அதனைச் சாக்கடையில் ஊற்றுவது அண்டை வீட்டாரின் குடத்தில் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

கையோடு போகும் கல்வி

மாலையில் வேலை முடிந்தது. நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கம் வரை ஓட்டித் திரும்பி வந்து, அடியில் செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். இரண்டு சொட்டு விழுந்திருந்தது. தம்பியின் முகம் வாடியது.

"அது மரையிலிருந்து வர்றது தம்பி. புது வண்டியா வந்தப்பவே அது உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அளவுக் கோலைப் பாருங்க, போதும். இறக்கிச் செய்யணும்னு சொல்லியிருந்தா எனக்குப் பத்து நாள் கூலி. ஆனா குளவிக் கூட்டை எடுக்காம விட்டா அடுத்த மாசமே ஒழுகும். அப்புறம் உங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். வாங்கிய கூலி ஒரு நாளுக்குரியது மட்டுமே.

அவருக்கு இரண்டு புதல்வர்கள். இருவரும் வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். பயிலும் பையனும் இருசக்கர வாகன ஷோரூமுக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறான். அவனைக் குறை கூறவும் இயலாது. அம்பாசிடர் நின்று பத்தாண்டுகள் கடந்துவிட்டன. 50 ஆண்டு கடந்து, அசல் நிலை மாறாத சொந்த வாகனங்களைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. 'வி.ஏ.' என்னும் தனி எண்ணும் அதற்குண்டு. ஆனால், புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கும் அவ்வண்டியைப் பயன்படுத்தலாகாது. சாச்சியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வண்டிக்கு அது எவ்வாறு பொருந்தும்? ஆகவே பழைய பதிவைப் புதுப்பித்துக்கொண்டே ஓடுகிறது.

வண்டிகளாவது பொருட்காட்சியில் நிற்கும். உள்ளங்கையில் மூச்சின் அளவை அறியும் அறிவையும், விரல் நகத்தில் பள்ளத்தை உணரும் நுட்பத்தையும் எந்தக் காட்சிக்கூடத்தில் வைப்பது? நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த தேரும், கைவினைஞர் செய்து முடித்து ஓட்டிப் பார்த்துப் பெயர் பெற்ற தேர் என்றே போற்றப்படுகிறது. பரிசிலைப் பாடிய புலவர் அதைச் செய்த கைகளையும் மறக்கவில்லை.

தொழிற்பயிற்சி பெறும் நம் இளைஞர்கள் விடுமுறையில் பத்து நாளேனும் இத்தகைய பெரியவர்களின் பட்டறையில் நின்று பார்க்கட்டும். கணினி வைத்துப் பழுதறியும் புதுவண்டிகளுக்கும் இந்த அறிவு பயன்படும். கழுவிப் பார், காத்திருந்து பார், ஊற்றைக் கண்டபின் கை வை என்பதே அதன் சாரம். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்போர் வாரம் ஒருமுறை அதனை ஓடவிடுங்கள். நெடுநாள் நிறுத்திய வண்டியை எடுக்குமுன் பிரீதர் குழாயில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். குளவிக்குத் தேவை ஒரு துளை மட்டுமே.